கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு

எந்தக் கதவின் முன்னால் நின்றாலும் பெரியப்பா முதலில் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். கைப்பிடிக்கு அடியில் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் கொடுத்து, ஒரு நூல் அளவுக்கு மேலே ஓர் உந்து. கீல் தேய்ந்திருந்தால் கதவு ‘டக்’கென்று ஏறி இறங்கும். தேயாத கதவு அசையாது. அசையாவிட்டால் ‘ம்’ என்பார். ஏறி இறங்கினால் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார். சில இடங்களில் வாயை அடக்க முடியாமல் சொல்லியும் விடுவார். தம்பி மகளின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வரச் சொன்ன தலைமையாசிரியையிடம் அவர் முதலில் சொன்னது, “இந்தக் கதவு இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்மா” என்பதுதான்.

அந்தத் தம்பி மகளுக்கு அப்போது பத்து வயது. அவளுடைய அப்பா வேலைக்காக வேறு ஊரில் இருந்தார். பள்ளிக்கூடம், பல் டாக்டர், கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாவற்றுக்கும் பெரியப்பாதான் கூட வருவார். ஆகவே அந்த ஊரிலுள்ள முக்கியமான கதவுகள் எல்லாவற்றின் முன்னாலும் அவள் ஒரு தடவையாவது கூனிக் குறுகியிருக்கிறாள்.

குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அதை வாங்கிக்கொண்டு முதல் நேர்காணலுக்குப் போன இடத்தில் கண்ணாடிக் கதவு. பக்கவாட்டில் கீலே இல்லை, எல்லாம் தரைக்கு அடியில். பெரியப்பா விரலைக் கொடுத்துத் தூக்கினார், அசையவில்லை. குனிந்து கீலைத் தேடினார். “பெரியவரே, என்ன தேடறீங்க?” என்று காவலாளி எழுந்து வந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். யாரோ ஒருவர் தற்செயலாகத் தன் பின்னால் வந்துவிட்ட மாதிரி.

வேலை கிடைக்கவில்லை. வெளியே வந்தபோது அவர் எதிர்க்கடை நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

“நல்ல கதவு பாப்பா” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவருடைய தொழில் கதவு. பழைய லாரிகளை வாங்கிப் பிரித்து, துருவைச் சுரண்டி, மறுபடி ஓடும்படி செய்து தரும் பட்டறையில் முப்பது வருடம் கதவுகளைக் கழற்றி மாட்டினார். பட்டறையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பொறு’ என்றுதான் பெயர். யார் எதைக் கேட்டாலும் அவர் முதலில் சொல்வது அந்த ஒரு சொல்தான். “பொறு அண்ணன் பொண்ணு பார்க்கப் போனப்ப, புடிச்சிருக்கான்னு கேட்டாங்களாம். பொறுன்னாராம். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கல்யாணம்” என்று பெயின்டர் எல்லாரிடமும் சொல்வான். பெரியம்மா அதை மறுத்ததில்லை. “ரெண்டு வருஷம் இல்ல, ரெண்டே கால்” என்று திருத்துவாள்.

லாரிக் கதவை உடம்போடு பிடித்திருப்பவை மேலே ஒரு கீல், கீழே ஒரு கீல். ஒவ்வொரு கீலின் நடுவிலும் விரல் பருமனுக்கு ஓர் இரும்பு ‘பின்’ செங்குத்தாக நிற்கும். அந்தப் பின்னைக் கழற்றினால்தான் கதவு வரும். முப்பது, நாற்பது வருடம் மழையில் நின்ற லாரியில் பின்னும் கீலும் துருவால் ஒன்றாகி, எது எது என்று தெரியாமல் கிடக்கும். அவசரக்காரன் சுத்தியலால் ஓங்கி அடிப்பான். அடித்தால் பின்னின் முனை காளான் மாதிரி விரிந்துகொள்ளும், அதற்குப் பிறகு அது எந்தத் துளை வழியாகவும் வராது. இன்னும் ஓங்கி அடித்தால் கீலின் காது கிழியும், கிழிந்த காதுக்கு மாற்றுக் கீல் உலகத்தில் எங்கேயும் கிடைக்காது. பெரியப்பா அடிக்கமாட்டார். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மருந்து போல எண்ணெய் விடுவார். எண்ணெய் இறங்குவதற்காகக் கீலின் விலாவில் சின்னச் சுத்தியலால் தட்டுவார், தூங்குகிறவனை எழுப்புவது போல. இரண்டாம் நாள் கேஸ் நெருப்பைக் காட்டிச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய். மூன்றாம் நாள் பின்னுக்கு அடியில் ஒரு மழுங்கிய கம்பியை வைத்து மேல்நோக்கி நாலு தட்டு. பின் சத்தமில்லாமல் மேலே எழும்பும். பெரும்பாலும் மூன்றாம் நாள் வந்துவிடும்.

கீலைக் கழற்றும் முன் அது உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக் கோடு கீறி, கூர் உளியால் புள்ளி வைப்பார். எந்தக் கீல் எங்கே போக வேண்டும் என்பதற்கு. பட்டறைக்காரர்கள் எல்லாரும் மேல் கீலுக்கு ஒன்று, கீழ்க் கீலுக்கு இரண்டு என்று வைப்பார்கள். அவர் மட்டும் தலைகீழ். கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு.

வேலை கிடைக்கும் வரை பட்டறையின் முன்னறையில் உட்கார்ந்து வேலைத்தாள்கள் தயார் செய்ய அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாகத்தையும் போனில் படம் எடுத்து, பழுது என்ன, செய்தது என்ன என்று எழுதி அச்செடுத்து வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் வாரமே புள்ளிக் கணக்கில் குழம்பிப்போய் அவரிடம் சண்டைக்குப் போனாள்.

“எல்லாரும் மேலேருந்துதானே எண்ணுவாங்க பெரியப்பா?”

“வீடு கட்டறவன் மேலேருந்தா கட்டறான்?” என்றார் அவர்.

‘டிகிரி’ என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்த பெயின்டர் பக்கத்திலிருந்து சிரித்தான். “டிகிரி, விட்டுடு. அந்த மனுஷன் சட்டைக்கே கீழேருந்துதான் பட்டன் போடுவார்.”

அந்தச் சமயத்தில்தான் ஓர் அம்மா தானே லாரி ஓட்டிக்கொண்டு வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு, ஆண்கள் போடும் செருப்பு. லாரி ஓட்டிப் பிழைத்த கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்போது செடி வளர்த்து விற்கிறாள், அந்த வண்டியில்தான் கொண்டுபோகிறாள். பட்டறையில் அவளுக்கு உடனே ‘லாரியம்மா’ என்று பெயர் விழுந்தது. வண்டியை முழுக்கப் பிரித்துப் புதுசாக்க வேண்டும் என்றாள். அதிலும் ஒரு கதவு முக்கியம்.

“இந்தப் பக்கத்துக் கதவு தொறக்காது” என்று ஓட்டுநர் இருக்கைக்கு அடுத்த பக்கத்தைக் காட்டினாள். “பதினாலு வருஷமா தொறக்கல. மூணு பட்டறையில எண்ணெய் ஊத்திப் பார்த்துட்டாங்க. துருன்னுட்டாங்க. இங்க ஒருத்தர் இருக்காராமே, பொறுன்னு.”

“நான்தான்மா” என்றார் பெரியப்பா, துணியில் கையைத் துடைத்தபடி.

லாரியம்மா வேலைத்தாளில் இடது கையால் எழுதினாள். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. தம்பி மகள் அதைப் பார்ப்பதை லாரியம்மா பார்த்துவிட்டாள்.

“இதுவும் அந்தக் கதவு பண்ணினதுதான்” என்று சொல்லிச் சிரித்தாள். “எங்க வீட்டுக்காரர் கூடவே நானும் போவேன். நான் இறங்கணும்னா அவர் முதல்ல இறங்கணும், அப்புறம் நான் கியர் கம்பியைத் தாண்டி நகர்ந்து நகர்ந்து வரணும். சண்டை போட்டா கோவிச்சுட்டு இறங்கிப் போகக்கூட வழியில்ல. கொஞ்சம் நகருங்க, நான் கோவிச்சுக்கணும்னு சொல்லவா முடியும்?”

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார்.

“ஒரு நாள் ஓட்டிக்கிட்டே இருந்தவருக்கு மயக்கம் வந்துடுச்சு. ஓரமா நிறுத்தினார், அப்படியே ஸ்டியரிங் மேல சாஞ்சுட்டார். நல்ல வெயில், ரோட்டுல ஆள் இல்ல. அந்தப் பக்கம் அவர் உடம்பு, இந்தப் பக்கம் தொறக்காத கதவு. கண்ணாடியை இறக்கிட்டு ஜன்னல் வழியா குதிச்சேன். இந்த உடம்பை வெச்சுக்கிட்டு. அவர் பொழைச்சுட்டார், அப்புறம் நாலு வருஷம் நல்லாத்தான் இருந்தார். என் கைதான் இப்படி ஆயிடுச்சு. யாரோ ஒரு நல்ல மனுஷன் அந்தக் கதவை ஆடாம நிறுத்திக் கொடுத்தாராம், காசுகூட வாங்கலையாம். திரும்பி வா, சரியா பண்ணித் தரேன்னு சொன்னாராம். இவர் ரெண்டு தடவை தேடிப் போயிருக்கார், ஆளே சிக்கலையாம்.”

“எந்தப் பட்டறையாம்?” என்று கேட்டான் பெயின்டர்.

“அதெல்லாம் அவரோட போச்சு. நான் அன்னிக்குக் கூட இல்ல.”

மறுநாள் காலையிலிருந்து பெரியப்பா எண்ணெய் விட ஆரம்பித்தார். மூன்று வேளை. தட்டல். இரண்டாம் நாள் நெருப்பு. மூன்றாம் நாள் கம்பியை வைத்துத் தட்டினார். பின் அசையவில்லை. நாலாம் நாளும் அதே எண்ணெய், அதே நெருப்பு. பின்னைச் சுற்றி ஒரு துளி எண்ணெய்கூட உள்ளே இறங்காமல் மேலேயே பளபளத்துக்கொண்டு நின்றது.

“அடி மேல் அடி வெச்சா அம்மியும் நகரும்பாங்க. இது அம்மியைவிட மோசமா இருக்கே அண்ணே” என்றான் பெயின்டர். “பேசாம அறுத்துடுங்க.”

“பொறு.”

“பொறுத்தார் பூமி ஆள்வார். நாம கதவைக்கூட ஆள முடியல.”

அவளுக்கு அந்த நாட்களில் பெரியப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் அநேகமாக முதல் தடவை. லாரியம்மாவுக்கு அவளே போன் செய்து, “நாலு நாளா அதே கதவுதாம்மா. வேற யாரா இருந்தாலும் அறுத்துப் போட்டிருப்பாங்க. எங்க பெரியப்பா விடமாட்டார்” என்றாள்.

ஐந்தாம் நாள் அவர் கீலின் மேலிருந்த வர்ணத்தை அடுக்கு அடுக்காகச் சுரண்டினார். மேலே சிவப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் சாம்பல். சாம்பலையும் எடுத்த பிறகு கையை நிறுத்திவிட்டார். வெகு நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவள் படம் எடுக்கப் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

“என்ன பெரியப்பா?”

“துரு இல்ல” என்றார். “ஒட்டியிருக்கு. வெல்டிங்.”

பின்னையும் கீலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டி, மேடு தெரியாமல் அரத்தால் ராவி, கீலின் வளைவோடு வளைவாகக் கொண்டுவந்து, மேலே வர்ணம் பூசியிருந்தது. மேல் கீல், கீழ்க் கீல் இரண்டிலும். கதவு திறக்க வழியே இல்லை. அதைப் பார்த்து யாரும் ஒட்டு என்று சொல்லவும் வழியில்லை.

பெயின்டர் குனிந்து விரலால் தடவினான். “யாருடா அந்தப் புண்ணியவான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கான். என்னமா ராவியிருக்கான் பாருங்க.”

பெரியப்பா சுரண்டியைத் துணியில் துடைத்தார். “எவனோ” என்றார்.

அவள் முன்னறைக்குப் போய் உற்சாகமாக எழுதினாள்: ‘முன்பு யாரோ திறமையில்லாத ஒருவர் செய்த தவறான ஒட்டின் காரணமாகக் கதவு இயங்கவில்லை. ஐந்து நாள் ஆய்வுக்குப் பின் கண்டறியப்பட்டது.’ ஆய்வு என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. உடனே லாரியம்மாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டாள்: “எவனோ ஒருத்தன் ஒட்டி மறைச்சு வெச்சிருக்கான்மா. எங்க பெரியப்பாதான் கண்டுபிடிச்சார்.” லாரியம்மா, “உங்க பெரியப்பா கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது” என்றாள்.

தாளில் சேர்ப்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கண்ணில் பட்டது. கீழ்க் கீலின் ஓரத்தில், இத்தனை வருடம் வர்ணத்துக்கு அடியில் கிடந்த கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி. மேல் கீலின் படத்தைத் திறந்தாள். இரண்டு புள்ளி.

அவள் கணினியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேறு யாராவது அப்படி எண்ணக் கூடாதா என்று யோசித்தாள். வேறு யாரும் அப்படி எண்ணுவதில்லை என்று அவளுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். சண்டை போட்டவளே அவள்தானே. முதலில் அவளுக்கு வந்தது கோபம்கூட இல்லை. இதைப் பெயின்டர் பார்த்திருப்பானோ என்ற பயம். அவரை நினைக்கும் முன்பே ஊர் வாயை நினைத்தோமே என்று அப்போது அவளுக்குத் தோன்றவும் இல்லை, பின்னால்தான் தோன்றியது.

மறுநாள் மதியம் பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெரியப்பா அந்த லாரியின் கேபினில், இருக்கை கழற்றிய வெறும் தகட்டில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், “நீ எழுதினதைப் படி பாப்பா” என்றார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் படித்தாள். திறமையில்லாத என்ற இடத்தில் கை உயர்த்தி நிறுத்தினார்.

“அதை எடுத்துடு. திறமை இருந்துது. அதுதான் கெடுத்துது.”

அவர் தகட்டைப் பார்த்தபடியே சொன்னார். அன்றைக்கும் ஒரு மதியம்தான். இந்த லாரியின் டிரைவர் லோடோடு வந்து நின்றான். கதவு கீலை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு நடைக்குத் தாங்கினால் போதும், திரும்பி வரும்போது சரியாகப் பண்ணிக்கொள்ளலாம் என்றான். கழற்றி, புதுப் பின் போட நேரமில்லை. இருந்த இடத்தில் கோடு கீறிப் புள்ளி வைத்துக் கதவை நேராக நிறுத்தி ஒட்டினார்.

“ஒட்டினது தப்பில்ல. அவசரத்துக்கு எல்லாரும் ஒட்டறதுதான். அப்படியே அசிங்கமா விட்டிருக்கணும். விட்டிருந்தா அடுத்த பட்டறைக்காரன் பார்த்ததும் அறுத்து எறிஞ்சிருப்பான், ஒரு மணி நேர வேலை. எனக்குப் பார்க்கப் பொறுக்கல. என் கை வேலை இப்படி மேடும் பள்ளமுமாப் போறதான்னு, லோடு வண்டியை நிறுத்தி வெச்சு, உட்கார்ந்து ராவினேன். அவன் அவசரம் அவசரம்னு நிக்கிறான், நான் வர்ணம் வேற பூசறேன்.” ஒரு மாதிரி சிரித்தார். “என்னோட ஒட்டுக்கே நாலு நாள் எண்ணெய் விட்டிருக்கேன் பார்.”

“அவர் திரும்பி வந்தாராமே, ரெண்டு தடவை.”

“வந்தான்.”

“நீங்க எங்க போயிருந்தீங்க?”

“எங்கயும் போகல. முதல் தடவை பெரிய இடத்து வண்டி ஒண்ணு மேல கை வெச்சிருந்தேன். ஆள் இல்லைன்னு சொல்லிடுன்னு பெயின்டர்கிட்ட சொன்னேன். அவனுக்கு ஞாபகம் இருக்காது, தினம் பத்துப் பேருக்கு அதைத்தான் சொல்றான். ரெண்டாவது தடவை வந்தப்ப கையில வேலையே இல்ல. இதே மாதிரி ஒரு கேபினுக்குள்ள குனிஞ்சு உட்கார்ந்துக்கிட்டேன். அவன் வெளியில நின்னு, அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுட்டுப் போனான்.”

“ஏன் பெரியப்பா?”

“முதல் தடவை வேலை இருந்துது. ரெண்டாவது தடவை வெட்கம்.” விரலால் தகட்டின் துருவைச் சுரண்டினார். “பொய் சொன்ன மூஞ்சியை எப்படிக் காட்டறது. மூணாவது தடவை வந்தா கண்டிப்பா நின்னு பேசணும்னு இருந்தேன். அவன் வரல.”

பிறகு, “அந்தம்மா வண்டி எடுக்க வரும்போது சொல்லிடறேன்” என்றார்.

அவள் தலையாட்டினாள். திறமையில்லாத என்ற சொல்லை மட்டும் தாளிலிருந்து எடுத்தாள். யாரோ என்பதை எடுக்கவில்லை. அதை எடுத்தால் அந்த இடத்தில் யாரை எழுதுவது?

அடுத்த மூன்று வாரம் பெரியப்பா அந்தக் கதவுக்கு உழைத்தது போல எந்தக் கதவுக்கும் உழைத்ததில்லை. ஒட்டை மயிரிழை மயிரிழையாக அறுத்தார். பின்னின் நடுவில் துளையிட்டு, உள்ளிருந்தே அதை மெலிய வைத்து, மிச்சத் தோலை உள்பக்கமாக மடக்கி எடுத்தார். கீலின் காது ஒன்றுகூடக் கிழியவில்லை. தேய்ந்த துளைகளுக்குப் பித்தளையில் உறை கடைந்து போட்டார். புதுப் பின். மறுபடி புள்ளி வைத்தார், கீழே ஒன்று, மேலே இரண்டு. வீட்டில் சாப்பாட்டில் நாட்டமில்லை. பெரியம்மா தம்பி மகளைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்த லாரிக்காரிக்கும் இவருக்கும் என்னடி? தூக்கத்துல அம்மா அம்மான்னு பேசறார்” என்று கேட்டாள். அவள், கதவு கொஞ்சம் சிக்கல், அதான் என்றாள்.

வண்டி எடுக்கும் நாள் லாரியம்மா துவைத்துத் தேய்த்த புடவையில் வந்தாள். பட்டறைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். கருநீல வர்ணத்தில் லாரி புதுசாக நின்றது. லாரியம்மா ஓட்டுநர் பக்கம் போகவில்லை, நேராக அந்தக் கதவுக்கு வந்தாள். வளைந்த கையால் கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் இடது கையால் பிடித்து இழுத்தாள். கதவு காற்றில் போவது போல விரிந்தது. ஏறினாள். சாத்தினாள். உள்ளேயிருந்து திறந்து இறங்கினாள். மறுபடி ஏறினாள். மூன்றாம் தடவை இறங்கும்போது, “இனிமே நான் கோவிச்சுக்கலாம். அவர்தான் இல்ல” என்றாள். சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் பாதியில் நின்றுகொண்டார்கள்.

லாரியம்மா பெரியப்பாவின் கையை எடுத்து, வளைந்த தன் கையால் மூடிக்கொண்டாள். “எவனோ பண்ணின பாவத்தை நீங்க உட்கார்ந்து அறுத்து எடுத்திருக்கீங்க.”

பெரியப்பா முகம் வெளிறிவிட்டது. தொண்டையைச் செருமினார். “அம்மா, அந்த ஒட்டு...”

தம்பி மகள் கையில் வேலைத்தாளோடு பக்கத்தில் நின்றிருந்தாள். பெயின்டர், பட்டறை முதலாளி, சுற்றி நின்ற அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறு என்று பெயரெடுத்த மனிதர் இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் நாளையிலிருந்து இந்தப் பட்டறையில் என்ன பெயர் வைப்பார்கள் என்று அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. ‘எங்க பெரியப்பாதான் கண்டுபிடிச்சார்’ என்று போனில் சொன்னது தன் குரல் என்பதும் தெரிந்தது.

“ஒட்டினவன் யாரோ, அதை விடுங்கம்மா” என்று குறுக்கே புகுந்தாள். “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

பெரியப்பா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் அதை மறந்துவிட்டிருப்பாள். படித்த பெண் சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்பது போல, ஒரு சந்தேகத்தோடு, நம்பிப் பார்த்தார். பிறகு லாரியம்மாவிடம், “ஆமாம்மா. யாரோ” என்றார்.

லாரியம்மா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். வண்டி கிளம்பும் முன் பெரியப்பா வழக்கம்போல அந்தக் கதவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. ‘ம்’ என்று சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, “நாளைக்கு அவங்க செடிக்கடைக்குப் போய்ச் சொல்லிட்டு வரலாமா பாப்பா?” என்று கேட்டார்.

“இப்ப வேண்டாம் பெரியப்பா. கொஞ்ச நாள் போகட்டும். பொறுங்க.”

அந்தச் சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்தோம் என்பது அவளுக்குத் தெரு முனை தாண்டியதும்தான் உறைத்தது. அவர் பொறுத்தார். அவரைப் பொறுக்கச் சொன்னால் எத்தனை நாள் வேண்டுமானாலும் பொறுப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அவளுக்கு நேர்காணல் இருந்தது, அல்லது இருப்பதாகச் சொன்னாள்.

எட்டு மாதத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார். உள்ளே அழைத்துப்போகும்போது வார்டுக் கதவைத் தூக்கிப் பார்த்தார். அது ‘டக்’கென்று ஏறி இறங்கியது. நர்ஸ், “என்ன தாத்தா, கதவைக் கழட்டிட்டுப் போகப் போறீங்களா?” என்றாள். “பொறும்மா” என்றார். அவருடைய பழைய கேலி அதோடு சரி. மூன்றாம் நாள் பெரியம்மா வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் தம்பி மகளை அருகில் அழைத்தார்.

“அந்தக் கடன் ஒண்ணு நிக்குது பாப்பா.”

“தெரியும் பெரியப்பா. நான் போய்ச் சொல்லிடறேன்.”

“ரெண்டு தடவை ஒளிஞ்சேன்னும் சொல்லணும். ஒட்டினதை மட்டும் சொல்லிட்டு வந்துடாதே.”

“சரி.”

அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. அவளுக்கு இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை. போன மாதம் ஒரு விடுமுறை நாளில் லாரியம்மாவின் செடிக்கடைக்குப் போனாள். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனாள். கருநீல லாரி வாசலில் நின்றது. லாரியம்மா அவளை அடையாளம் கண்டு, நலம் விசாரித்து, செய்தி கேட்டதும் ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்குத் தெரியாமப் போச்சே. வந்திருப்பேனே” என்றாள். பிறகு எழுந்து போய் லாரியின் கதவைத் திறந்து திறந்து சாத்திக் காட்டினாள். “பாரு, இன்னிக்கும் அப்படியே இருக்கு. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் உங்க பெரியப்பாவை நினைச்சுக்கறேன்.”

அம்மா, அந்தக் கதவை ஒட்டினதும் அவர்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது, பிறகு ஒளிந்த கதை. அவள் வாயைத் திறந்தாள். “எங்க பெரியப்பாவும் உங்களை அடிக்கடி நினைச்சுக்கிட்டார்மா” என்பதுதான் வந்தது. அதில் பொய் இல்லை. அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது.

லாரியம்மா ஒரு செடியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பணத்தை நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டாள். “உங்க பெரியப்பா கணக்கு” என்றாள்.

செடி இப்போது வீட்டு ஜன்னலில் இருக்கிறது. பெரியம்மாதான் தண்ணீர் ஊற்றுகிறாள், யார் கொடுத்தது என்று கேட்டதற்கு ஒரு கடையில் வாங்கியது என்று பதில் சொல்லியாயிற்று. பட்டறையின் முன்னறை அலமாரியில், அந்த லாரியின் வேலைத்தாள் நகலில், ஒட்டினவர் இன்னும் ‘யாரோ’தான்.